ஜெர்மனிக்குக் கரெண்ட் கொடுத்த கதை

போன ஞாயிற்றுக்கிழமை மத்தியானம், பெங்களூர் ஆஸ்டின் டவுனில் எங்கள் வீட்டுக் கூடத்தில் உட்கார்ந்து ஜெர்மனி முழுக்கக் கரெண்ட் கொடுத்தோம்.

சிரிக்காதீர்கள். என் தங்கை மகள் கவிதாவும் மாப்பிள்ளை ரமேஷும் வைட்ஃபீல்டிலிருந்து வந்திருந்தார்கள். ஆபீஸ் வேலையாக ஜெர்மனி போனபோது வாங்கிய ஒரு விளையாட்டுப் பெட்டி மாப்பிள்ளை கையில். பெரிய மேப். வாயில் நுழையாத ஊர்ப் பெயர்கள். பவர் ஸ்டேஷனை ஏலத்தில் எடுக்க வேண்டும். கரி, எண்ணெய் வாங்க வேண்டும். ஊர் ஊராக லைன் இழுத்து, குட்டி மர வீடு வைக்க வேண்டும். குப்பையில்கூடக் கரெண்ட் எடுக்கலாமாம்... அப்படியானால் எங்கள் தெருமுனைக் குப்பைத்தொட்டி ஒன்றே பெங்களூருக்குப் போதுமே!

விளையாட்டு சும்மா சாக்கு. வந்த காரியம் வேறு. அவர்கள் அபார்ட்மென்ட்டில் எலக்ட்ரிகல் சூப்பர்வைசர் வேலை காலி. என் வீட்டுக்காரருக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். திங்கட்கிழமைக்குள் பதில் வேண்டும்.

இவர் லைன்மேன். இருபத்தாறு வருஷம். போன மழையில் கம்பத்தில் கால் வழுக்கித் தோளில் அடி. இன்னும் சட்டை மாட்டும்போது முகம் சுளிக்கிறார். 'இவரைக் கம்பத்திலிருந்து இறக்கிவிடு தாயே, பால்குடம் எடுக்கிறேன்' என்று மாரியம்மனிடம் வேண்டியிருந்தேன். நான் படித்தது எட்டாவது. எனக்குத் தெரிந்த மனு அது ஒன்றுதான்.

நானும் அவரும் ஒரு கட்சி. மங்களமாக இருக்கட்டும் என்று மஞ்சள் வீடுகளை எடுத்தேன். முதல் வீட்டைக் கையில் வாங்கியவர் மேப்பில் வைக்கவில்லை. அப்படியே பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

"என்ன பெரியப்பா, வைங்க."

"எல்.சி. யாரு குடுக்கிறது?"

மாப்பிள்ளை முழித்தார்.

"அந்தப் பக்கம் லைன் ஓடுதில்ல? ஆஃப்னு சொல்லு. அப்புறம்தான் கை வைப்பேன்."

எல்.சி. என்றால் லைன் கிளியர். கரெண்டை நிறுத்தியாச்சு, இப்போது தொடலாம் என்று ஸ்டேஷனிலிருந்து வரும் உத்தரவு. வேலை முடிந்ததும் அதைத் திருப்பிக் கொடுத்தால்தான் மறுபடி கரெண்ட் விடுவார்கள். நடுவில் யாராவது மறந்து ஸ்விட்சைப் போட்டால்... வேண்டாம், அதை எழுதவில்லை.

கவிதா சிரித்து உருண்டாள். ஆனாலும் ஆட்டம் முடியும்வரை, இவர் வீடு வைக்கும்போதெல்லாம் மாப்பிள்ளை "ஆஃப், பெரியப்பா!" என்று குரல் கொடுத்துக்கொண்டே இருந்தார்.

ஆச்சரியம், நாங்கள் முன்னால் போய்க்கொண்டிருந்தோம். கடைசிக்கு முந்தின ரவுண்டு. கடையில் கரி தீர்ந்துவிட்டது. கவிதா குனிந்து ரகசியம் சொன்னாள்: "பெரியப்பா, இந்த ரவுண்டு கரெண்ட் விடாதீங்க. கரியை அப்படியே வெச்சுக்குங்க. கடைசி ரவுண்டுல எத்தனை ஊர் எரியுதுன்னுதான் பார்ப்பாங்க. நீங்கதான் ஜெயிப்பீங்க."

"பத்து ஊரும் இருட்டுல கெடக்கட்டும்ங்கிறியா?"

"ஐயோ, அது மரக்கட்டை பெரியப்பா!"

"ஒரு ரவுண்டுன்னு நீ சொல்றே. அங்க இருக்கிறவனுக்கு அது எத்தனை மணி நேரமோ..."

இருந்த கரி அத்தனையும் போட்டுப் பத்து ஊரையும் எரிய விட்டார். அடுத்த ரவுண்டில் கரி இல்லாமல், குப்பையில் ஓடிய நாலு ஊர்தான் எங்களுக்கு எரிந்தது. மாப்பிள்ளை ஜெயித்தார்.

மாப்பிள்ளை மெல்ல ஆரம்பித்தார். "பெரியப்பா, அந்த வேலை..."

"உங்க அபார்ட்மென்ட்ல கரெண்ட் போனா மூணு செகண்டுல ஜெனரேட்டர் வந்துடும்னியே மாப்ளே. அப்புறம் என்னை யாரு தேடுவா?"

எனக்குப் பொறுக்கவில்லை. "யாராவது தேடணும்னுதான் கம்பம் ஏறுறீங்களா? போன் பண்றவங்க எல்லாம் திட்டத்தானே செய்றாங்க?"

"திட்டுறதுக்காவது தேடுறாங்கல்ல..."

சொல்லி வாய் மூடவில்லை, மழை. கூடவே போன். பக்கத்துத் தெருவில் கம்பி அறுந்திருக்கிறதாம். "பர்த்தீனி ஸார், பர்த்தீனி" என்று கன்னடத்தில் வருவதாகச் சொன்னபடி தோளைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். வாசலில் நின்று, "மாப்ளே, வேற ஆளைப் பார்த்துக்கச் சொல்லிடுப்பா" என்றார். போய்விட்டார்.

மாப்பிள்ளை மஞ்சள் வீடுகளை ஒவ்வொன்றாகப் பொறுக்கிப் பெட்டியில் போட்டார்.

அம்மன் என் மனுவைத் தள்ளிவிட்டாள். என்ன செய்ய, கோபித்துக்கொள்ள முடிகிறதா? எழுந்து போய் விளக்கேற்றினேன். அதுதான் என் எல்.சி. அவர் படியேறி வந்து செருப்பைக் கழற்றும் சத்தம் கேட்ட பிறகுதான் அதை அம்மனிடம் திருப்பிக் கொடுப்பது வழக்கம்.

இருபத்தாறு வருஷம் ஆகிறது — எனக்கும் இந்த வேலையில் ரிட்டயர்மென்ட் கிடையாது போலிருக்கிறது.