சின்னத் தட்டு வந்த கிழமை

தங்கம் தேடப் போகவேண்டும் என்று என் மனைவி முதலில் சொன்னபோது நான் சிரித்தேன். பேக்கரித் தொழிற்சாலை வேலையிலிருந்து அப்போதுதான் வந்தவள், சப்பாத்தைக்கூடக் கழற்றாமல் குசினிக்குள் வந்து கைபேசியை என்னிடம் நீட்டினாள். அதில் ஒரு கிழவர் பாறைகளுக்கு நடுவே மெட்டல் டிடெக்டரை இடமும் வலமும் ஆட்டிக்கொண்டு நடந்தார். ஒரு இடத்தில் குனிந்து கிண்டி, பயறளவு தங்கத்தை எடுத்து உள்ளங்கையில் வைத்துக் காட்டினார்.

"உமக்கு என்னத்துக்கு உது? நகைக்கடைக்குக் கூட்டிக்கொண்டு போனாலே வாசல்லை நிக்கிற ஆள் நீர்," என்றேன்.

"கடையில வாங்கின தங்கம் எல்லாரிட்டையும் கிடக்கு. மண்ணுக்குள்ளை இருந்து தானே எடுத்த தங்கம் ஆரிட்டை இருக்கு?" என்றாள். "ஒரு பொட்டளவு கிடைச்சாலும் காணும்."

எங்கள் ஒரே மகள் விமானத்தில் போகவேண்டிய தூரத்திலிருக்கிற கல்கரியில் வேலை எடுத்துப் போய் இரண்டு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நாங்கள் இரண்டு பேர்தான். அந்த மார்கழியில் டிடெக்டரை வாங்கினோம்.

வாங்கிய பிறகுதான் தெரிந்தது, மெஷினைவிட முக்கியமானது அதன் அடியில் மாட்டும் வட்டம் என்று. அதற்குள்தான் கம்பிச்சுருள் இருக்கிறது. நிலத்துக்குள் கிடப்பதைக் கண்டுபிடிப்பது அதுதான். கொயில் என்பது அதன் பெயர். "கோயில் எண்டு சொல்லுற மாதிரிக் கிடக்கு" என்று சிரித்து, அவள் அதைத் தட்டு ஆக்கிவிட்டாள். பிறகு எங்கள் வீட்டில் அது தட்டுத்தான். மெஷினோடு வந்த தட்டு நடுத்தரமானது. தங்கத்துக்கென்று வேறு வாங்க வேண்டும் என்று எல்லோரும் எழுதியிருந்தார்கள்.

பனி கொட்டிய அந்த மாதங்கள் முழுவதும் சாப்பாட்டு மேசையில் தட்டுக் கதைதான். பெரிய தட்டு ஆழத்துக்குப் பார்க்கும், ஒரு வீச்சில் நிறைய நிலத்தை மேயும், ஆனால் பொடித் தங்கத்தை விட்டுவிடும். சின்னத் தட்டு ஆழம் போகாது. ஆனால் மேல் மண்ணில் அரிசிக் குறுணியளவு கிடந்தாலும் சத்தம் போடும், பாறை இடுக்குக்குள்ளும் நுழையும், கைக்கும் பாரமில்லை. அவள் சின்னதைக் கேட்டாள். நான் பெரியதைச் சொன்னேன். இருபத்தைந்து வருடமாகப் பிளாஸ்டிக் தொழிற்சாலையில் மெஷின் திருத்துகிறவன் நான். மெஷின் விஷயத்தில் அவள் என்னைக் கேட்க வேண்டும் என்ற எண்ணம் எனக்கு இருந்தது.

"வடக்கை போய்ச் சேர ஏழு மணித்தியாலம். மூண்டு நாள்தான் நிப்பம். சின்னத் தட்டை வச்சுக்கொண்டு ஒரு வளவைக்கூட முடிக்கேலாது," என்றேன்.

"பெரிய தங்கம் எனக்கு வேண்டாம் எண்டுதானே சொல்லுறன்."

"முதல்ல பெரிசைப் பிடிச்சுப் பழகும். பிறகு பாப்பம்."

பெரியதே வந்தது. ஒரு கறிச்சட்டி மூடியைவிட அகலம். சித்திரையில் பின்வளவு மண் இளகியதும் தூண்டிலுக்குப் போடும் ஈயக்குண்டுகளைப் புதைத்து வைத்துப் பழகினாள். ஈயத்துக்கும் தங்கத்துக்கும் ஏறக்குறைய ஒரே சத்தம் என்று படித்திருந்தோம். பெரிய குண்டுகள் எல்லாம் அகப்பட்டன. சின்னதுகளில் ஒன்றும் அகப்படவில்லை. அவள் ஹெட்போனைக் கழற்றி என்னைப் பார்த்தாள். எனக்கும் விளங்கியது. இருந்தும் விட்டுக்கொடுக்கவில்லை.

ஆனியில் வடக்கே போனோம். தங்கம் தேடுகிறவர்களின் சங்கமொன்றில் சேர்ந்து, அவர்கள் அனுமதி எடுத்து வைத்திருந்த பழைய சுரங்க நிலத்தில் இறங்கினோம். நுளம்பு மொய்த்தது. அவள் வலைத் தொப்பியைப் போட்டுக்கொண்டு விடியற்காலையிலிருந்து நடந்தாள். வலது கை களைத்தால் இடது கைக்கு மாற்றினாள். துருப்பிடித்த ஆணி, தகரத் துண்டு, துப்பாக்கிக் கோது. இரும்புச் சத்துள்ள கற்கள் வேறு தங்கம்போலவே கத்தி ஏமாற்றின. ஒவ்வொரு சத்தத்துக்கும் முழங்காலில் இருந்து கிண்டினாள். அவ்வளவு சந்தோசமாக அவளை நான் கனகாலமாகப் பார்க்கவில்லை.

இரண்டாம் நாள் பின்னேரம்தான் முதல்முதலாகச் சொன்னாள்.

"இஞ்சையப்பா, இந்த இடப்பக்கத் தோள் நோகுது."

"தட்டுப் பாரமெல்லே. ரெண்டு நாளில சரி வந்திடும்," என்றேன். தைலம் பூசித் தேய்த்துவிட்டேன்.

வீட்டுக்கு வந்தும் நோ போகவில்லை. வரும், போகும். படியேறினால் கூடும். ஒருநாள் தாடையும் உளைகிறது என்றாள். பல்லுக் கோளாறாக்கும் என்றேன். வேலையில் பெட்டி தூக்கும்போது களைப்பாக இருக்கிறது என்றாள். "ஐம்பத்தேழு வயசில மலையில ஏறி இறங்கினால் களைக்காதோ?" என்று கேட்டேன். அவளும் சிரித்து ஓம் என்றாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் வீடியோவில் கதைக்கும்போது தாய் தோளைத் தடவுவதைக் கண்டுவிட்டாள்.

"அம்மா, வட் ஹப்பின்ட்? டொக்டரிட்டைப் போனீங்களா? ஜஸ்ட் கெட் இட் செக்ட்."

மனைவி வாய் திறப்பதற்கு முன்னரே நான் பதில் சொன்னேன். "அது தசைப் பிடிப்பு பிள்ளை. டிடெக்டர் பாரம். நான் சின்னத் தட்டு ஒண்டு எடுத்துக் குடுக்கப்போறன்."

"ஓகே அப்பா," என்றாள் மகள்.

அன்றிலிருந்து எனக்கு அதே வேலையாகிவிட்டது. என் பிடிவாதத்தால்தான் அவளுக்குத் தோள் நோகிறது என்ற குற்ற உணர்ச்சி எனக்கு. எந்தத் தட்டு மிகவும் பாரம் குறைந்தது, எது நீள்வட்டம், எதன் மூடி மெல்லியது என்று மதியச் சாப்பாட்டு நேரத்திலும் தேடிக்கொண்டிருந்தேன். குடும்ப வைத்தியருக்கு ஒரு தடவை அழைப்பு எடுக்க அதில் பத்தில் ஒரு பங்கு நேரம் போதும். அந்த யோசனையே எனக்கு வரவில்லை.

ஆவணி தொடக்கத்தில், ஒரு செவ்வாய்க்கிழமை, சின்னத் தட்டு வந்தது. அவளே பிரித்து மாட்டினாள். பின்வளவில் பொடிக் குண்டுகள் அத்தனையும் அகப்பட்டன. கடைசிக் குண்டை எடுத்தபோது சின்னப் பிள்ளைபோலக் கத்தினாள். "நான் சொன்னனான்தானே!" "சொன்னனீர்தான்," என்றேன். முதல் தடவையாகத் தோற்றது எனக்குப் பிடித்திருந்தது.

சனிக்கிழமை காலை திரும்பவும் வடக்கே புறப்பட ஆயத்தமானோம். நான் காரின் டிக்கிக்குள் குனிந்து சாமான் அடுக்கிக்கொண்டிருந்தேன். அவள் வாசல்படியில் இருந்தாள். "கொஞ்சம் இருந்திட்டு வாறன்," என்றது கேட்டது. நான் திரும்பாமலே கதைத்துக்கொண்டிருந்தேன்; இந்த முறை ஓடைக்கரைப் பாறையிலிருந்து தொடங்குவோம், அங்கே இந்தத் தட்டு நல்லாய் வேலை செய்யும் என்று. பதில் வராததால்தான் திரும்பிப் பார்த்தேன். அவள் கதவோடு சாய்ந்திருந்தாள்.

அம்புலன்ஸ் விரைவாகத்தான் வந்தது. ஆஸ்பத்திரியில் ஒரு சிறிய அறைக்குள் என்னை இருத்தி, மாரடைப்பு, காப்பாற்ற முடியவில்லை என்று டொக்டர் சொன்னார். அந்த டொக்டர் ஒரு இளம் பெண். முன்பு ஏதும் வலி இருந்ததா என்று மெதுவாகக் கேட்டார்.

தோளில், ஆனி மாதத்திலிருந்து, என்று ஆங்கிலத்தில் சொன்னேன்.

அதற்கு என்ன செய்தீர்கள்?

"வீ சேஞ்ச்ட் த கொயில்," என்றேன்.

அவருக்கு விளங்கவில்லை. திரும்பக் கேட்டார். நான் திரும்பச் சொன்னேன். பிறகு அவர் கேட்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டார்.

மகள் அன்றிரவே வந்து சேர்ந்தாள். கிரியைகள் நடந்த மண்டபத்துக்கு என் மனைவியோடு பேக்கரியில் வேலை செய்த பெண்கள் பதினைந்து பேரளவில் வந்திருந்தார்கள். தங்கம் தேடிப் போவதை அவள் அங்கே எல்லோருக்கும் சொல்லியிருக்கிறாள். அவர்களில் மூத்தவர் ஒருவர் என்னிடம் வந்து நின்று, அழுதபடியே கேட்டார்.

"அண்ணை, அவ தங்கம் எடுத்தவவோ?"

நான் அவளைப் பார்த்தேன். பச்சைச் சேலையோடு பெட்டிக்குள் படுத்திருந்தாள்.

"ஓம். கொஞ்சம்," என்றேன்.

அவர் போய் மற்றவர்களிடம் சொன்னார். எடுத்தவவாம், எடுத்தவவாம் என்று அந்த வரிசை முழுக்கக் கதை போனது. அவர்கள் முகங்களில் அந்த அழுகைக்கு நடுவிலும் ஒரு ஆறுதல் வந்தது.

பக்கத்தில் நின்ற மகள் எல்லாம் கேட்டுக்கொண்டிருந்தாள். வீட்டுக்குத் திரும்பும்போது காரில் கேட்டாள்.

"உண்மையா எடுத்தவவா அப்பா?"

"இல்லைப் பிள்ளை."

கொஞ்சத் தூரம் போனோம். நான் எல்லாவற்றையும் சொன்னேன். தாடை உளைவு, படியேறும்போது வந்த நோ, களைப்பு, எதையும் விடவில்லை. "தட்டு எண்டு எனக்குத் தெரிஞ்ச ஒண்டைப் பிடிச்சுக்கொண்டு நிண்டிட்டன்," என்றேன்.

"நானும் ஓகே எண்டு சொன்னனான்," என்றாள் அவள். "ஐ ஜஸ்ட் செட் ஓகே."

அதற்குமேல் எனக்கு வீதி தெரியவில்லை. ஒரு பிளாசாவுக்குள் காரைத் திருப்பி நிறுத்தினேன். முன்னால் மரக்கறிக் கடையில் சனம் சாமான் வாங்கிக்கொண்டு போனது. நாங்கள் இரண்டு பேரும் இருந்து அழுதோம்.

முப்பத்தோராம் நாள் கிரியை முடிந்து அவள் கல்கரிக்குப் போனாள். இப்போது ஒவ்வொரு நாளும் அழைப்பு எடுக்கிறாள். எனக்கு எங்கேயாவது நோகிறதா, எப்போதிருந்து, நடந்தால் கூடுகிறதா என்று ஒவ்வொன்றாகக் கேட்கிறாள். நான் ஒன்றும் மறைக்காமல் பதில் சொல்கிறேன்.