அவனை நல்லா கவனிக்கணும்

எர்ணாவூர் மேம்பாலத்தை விட்டு இறங்கும்போது வலது காலைத் தரையில் ஊன்ற முடியவில்லை. குதிகாலை மட்டும் வைத்து நடந்தேன். காலில் செருப்பு இல்லை. பாதத்தில் சுற்றியிருந்த வேட்டித் துணி அவிழ்ந்து பின்னால் இழுபட்டுக்கொண்டு வந்தது. குனிந்து கட்டினால் மறுபடி நிமிர முடியாது என்று தெரிந்ததால் அப்படியே விட்டுவிட்டேன். துறைமுகத்துக்குப் போகிற டிரெய்லர் லாரிகள் வரிசையாக நின்றிருந்தன. அவற்றை ஒட்டி, யார் கண்ணிலும் படாமல் போய்க்கொண்டிருந்தேன். பின்னால் வருகிற ஒவ்வொரு ஆட்டோவும் என்னைத்தான் தேடி வருகிறது என்று தோன்றியது.

முகத்துவாரக்குப்பத்தில் எனக்குக் கஞ்சி ஊற்றிய வீட்டிலிருந்து சொல்லாமல் கிளம்பி வந்திருந்தேன்.

என் பெயர் சவரிமுத்து. ராயபுரத்தில் பிறந்தவன். ஏழாவதுக்கு மேல் படிக்கவில்லை. அப்பா துறைமுகத்தில் மூட்டை தூக்கினார். அவரும் அம்மாவும் போன பிறகு நான் எந்த ஊரிலும் நிலையாக இருந்ததில்லை. லாரி கிளீனர், ஓட்டலில் தட்டு கழுவுதல், இறால் பண்ணை, கோழிப் பண்ணை என்று போய்க்கொண்டே இருந்தேன். பெருமைக்குச் சொல்லவில்லை, குறையாகவும் சொல்லவில்லை. இதை வாசிக்கிற நம் கோயில் பங்கு மக்களில் அப்படி அலைந்தவர்கள் சிலராவது இருப்பீர்கள். உங்களுக்கு நான் சொல்வது சீக்கிரம் புரியும்.

இது போன தவக்காலத்தில் நடந்தது. எண்ணூர்ப் பக்கம் ஒரு கன்டெய்னர் யார்டில் வேலை இருக்கிறது என்று கேள்விப்பட்டு வந்தேன். வந்து பார்த்தால் வேலை இல்லை. ஆற்று முகத்துவாரத்தில் படகு தள்ளக் கூப்பிட்டார்கள், போனேன். கறுப்புச் சேற்றில் கால் வைத்தபோது சிப்பி ஒன்று உள்ளங்காலைக் கிழித்தது. காயத்தைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. கடல் தண்ணீரில் கழுவினேன், அவ்வளவுதான். பிறகு காய்ச்சல் வந்தது. வலைகள் குவித்து வைத்திருந்த கொட்டகை ஓரமாகப் படுத்தது ஞாபகம் இருக்கிறது. கண் விழித்தபோது ஒரு வீட்டுக்குள் இருந்தேன்.

அது தேசம்மா அக்காவின் வீடு. கருவாடு போட்டு விற்கிறவர். அவர் வீட்டுக்காரர் கன்னியப்பன் கடலுக்குப் போகிறவர். அக்கா என் காலை மஞ்சளும் உப்பும் போட்ட வெந்நீரில் கழுவிக் கட்டினார். கஞ்சி கொடுத்தார். எந்த ஊர் என்று கேட்கவில்லை. ஏன் இங்கே வந்தாய் என்று கேட்கவில்லை. பெயரைக்கூடக் கேட்கவில்லை.

எனக்கு அதுதான் பயமாக இருந்தது. முன்பு ஒரு பஸ் நிலையத்தில் ஒருவர் இப்படித்தான் என்னிடம் எதுவும் கேட்காமல் பிரியாணி வாங்கிக் கொடுத்தார். வேலை இருக்கிறது என்று கூட்டிக்கொண்டு போய் ஒரு குடோனில் விட்டார். அங்கே என் பையை வாங்கிப் பூட்டி வைத்துக்கொண்டு வெளியே விடாமல் வேலை வாங்கினார்கள். அங்கேயும் யாரும் என் பெயரைக் கேட்கவில்லை. அதிலிருந்து சும்மா சோறு போடுகிறவர்கள் மேல் எனக்கு ஒரு சந்தேகக் கண் இருக்கும்.

மறுநாள் பார்த்தால் வாசலில் கிடந்த என் செருப்பைக் காணோம். அக்காவிடம் கேட்டேன். எங்கேயும் போகாது, இருக்கும் என்று சிரித்தார். நான் ஓடிவிடக்கூடாது என்று எடுத்து வைத்திருக்கிறார்கள் என்று முடிவு செய்தேன். அதன் பிறகு கஞ்சியைக்கூட மோந்து பார்த்துத்தான் குடித்தேன்.

அதற்கு அடுத்த நாள் காலையில் கன்னியப்பன் வீட்டுக்குப் பின்னால் நின்று போனில் பேசிக்கொண்டிருந்தார். நான் தூங்குகிறேன் என்று நினைத்திருப்பார். பேச்சு தெளிவாகக் காதில் விழுந்தது.

“ஆளு நம்ம வூட்லதான் கீறான். வுட்டா ஓடிருவான். நீ வண்டிய எடுத்துகினு வந்துரு. அவன நல்லா கவனிக்கணும்.”

நான் வேலை செய்த இடங்களில் கவனிப்பது என்றால் இரண்டுதான். ஒன்று போலீஸ்காரருக்குக் கையில் காசு கொடுப்பது. இன்னொன்று அடிப்பது. அந்தக் குடோனில் மேஸ்திரி, “இவன கவனிங்கடா” என்று சொன்ன பிறகு என்னோடு வேலை செய்தவனுக்கு முன்பல் இரண்டும் இல்லாமல் போனது. என்னைக் கவனிக்கச் சொல்லும்போது நான் படுத்திருக்க முடியுமா? அக்கா கருவாடு காயப்போட மணலுக்குப் போன நேரம் பார்த்து வெறுங்காலோடு கிளம்பிவிட்டேன்.

எர்ணாவூரைத் தாண்டி, கடலை ஒட்டிக் கருங்கல் கொட்டி வைத்திருக்கும் இடத்தில் உட்கார்ந்தேன். அதற்கு மேல் நடக்க முடியவில்லை. துணியை விலக்கிப் பார்த்தேன். பாதம் வீங்கிப் பளபளவென்று இருந்தது. கணுக்காலிலிருந்து ஒரு சிவப்புக் கோடு மேலே ஏறியிருந்தது. அப்பாவோடு வேலை செய்த ஒருவர் ஆணி குத்திய காலோடு திரிந்து, கடைசியில் முழங்கால் வரைக்கும் இழந்தார். சின்ன வயதில் அவரைப் பார்க்கும்போதெல்லாம் அம்மாவின் முந்தானைக்குப் பின்னால் ஒளிந்துகொள்வேன். அந்தக் கால் கண்ணுக்கு முன்னால் வந்து நின்றது.

நான் கோயிலுக்குப் போய்ப் பல வருடம் ஆகியிருந்தது. செபம் முழுதாக வரவில்லை. வாய்க்கு வந்ததைச் சொன்னேன். ஆண்டவரே, இந்தக் காலை எனக்கு விட்டுவிடும். என்னிடம் வேறு எதுவும் இல்லை. இது போனால் நான் எங்கேயும் போக முடியாது. இன்னொன்றும் கேட்கிறேன், அந்த ஆட்கள் கையில் என்னைச் சிக்க வைக்காதேயும். இந்த இரண்டையும் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தேன். அழுதேன் என்றுதான் நினைக்கிறேன். காய்ச்சலில் எது கண்ணீர், எது வியர்வை என்று தெரியவில்லை.

செபம் முடிவதற்குள் மீன் ஏற்றுகிற லோடு ஆட்டோ ஒன்று பக்கத்தில் வந்து நின்றது. கன்னியப்பன் இறங்கினார். ஓட்டி வந்தவர் பெயர் டில்லி என்று பிறகு தெரிந்துகொண்டேன். நான் கைக்கு அகப்பட்ட கல்லை எடுத்துக்கொண்டேன்.

டில்லி வண்டியை விட்டு இறங்கவே இல்லை. “அண்ணாத்த, ஒத்தக் காலோட எர்ணாவூர் தாண்டிட்டான் பாரு. ரெண்டு காலும் இருந்தா நேரா பாண்டிச்சேரிதான்” என்றார்.

கன்னியப்பன் என் கையைப் பார்த்தார். “கல்ல கீழ போடு தம்பி. உன் கால்லயே போட்டுக்கப் போற.”

நான் போடவில்லை. அவர் ஒரு பிளாஸ்டிக் பையிலிருந்து என் செருப்பை எடுத்து மணலில் வைத்தார். வலது செருப்பின் வாரை அறுத்து, ரப்பர் துண்டு ஒன்றை வைத்து, வலை நூலால் பெரிதாகத் தைத்திருந்தார்.

“கட்டோட போட்டுக்கட்டும்னு தெச்சேன். அதுக்குள்ள ஓடிட்ட.”

செருப்பைப் பார்த்தேன். ஆனாலும் நம்பவில்லை. நேராகவே கேட்டுவிட்டேன். “என்ன நல்லா கவனிக்கணும்னு போன்ல சொன்னீங்களே?”

“ஆமா, சொன்னேன். இவன்கிட்டதான் சொன்னேன். காலையில இருந்து வண்டி கேட்டுகினு கீறேன். ஆஸ்பத்திரிக்கு இட்டுகினு போனாத்தான் ஆவும். வெந்நீர்ல போற வீக்கமா அது?”

“வுட்டா ஓடிருவான்னு சொன்னீங்க.”

“ஓடிட்டியா இல்லியா?”

டில்லிக்கு விஷயம் புரிந்துவிட்டது. ஸ்டியரிங்கில் குனிந்து சிரித்தார். “அண்ணாத்த, நீ ரவுடி மாரி பேசிக்கீற. புள்ள பயந்துட்டான்.”

கன்னியப்பனுக்குக் கடைசி வரைக்கும் புரியவில்லை. “கவனிக்கணும்னா கவனிக்கணும்தாம்பா” என்றார். “வேற இன்னா?”

என்னைத் தூக்கி வண்டியில் பின்னால் வைத்தார்கள். ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் சாய்ந்துகொண்டேன். கல்லை விடவில்லை. திருவொற்றியூரில் வண்டி வலது பக்கம் மணலிக்குத் திரும்பினால் குதித்துவிடுவது என்று இருந்தேன். குடோன்கள் அந்தப் பக்கம்தான். வண்டி திரும்பவில்லை. டோல்கேட் வந்தது. அங்கேயும் ஒவ்வொரு சந்து முனையையும் பார்த்துக்கொண்டே வந்தேன். காசிமேடு வந்தது, ராயபுரம் வந்தது. எனக்கு ஞானஸ்நானம் கொடுத்த கோயிலின் கோபுரம் தெரிந்தது. அப்போதும் கல் கையில்தான் இருந்தது.

அரசு ஆஸ்பத்திரியில் ஊசி ஏற்ற நர்சம்மா வந்து கையை விரிக்கச் சொன்னார். அப்போதுதான் விரித்தேன். அவர் கல்லையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார். கன்னியப்பன் அதை வாங்கி ஜன்னல் ஓரத்தில் வைத்து, “அது அவரு சாமான்மா, இருக்கட்டும்” என்றார்.

நர்சம்மா கேட்டார். “இவருக்குக் கூட யாரு?”

“நான்தாம்மா.”

“நீங்க என்ன ஆகணும்?”

“தம்பி எனக்கு.”

“பேஷன்ட் பேரு?”

கன்னியப்பன் என் காது பக்கம் குனிந்தார். “உன் பேரு இன்னா தம்பி?”

வழியில் கேட்கிறவர்களுக்குச் சொல்வதற்கென்று நான் ஒரு பெயர் வைத்திருந்தேன். அன்றைக்கு அது வாயில் வரவில்லை. சவரிமுத்து என்று சொன்னேன். சொன்ன பிறகு அழுகை வந்தது. கால் வலி என்று நர்சம்மா நினைத்துக்கொண்டார்.

உள்ளங்காலுக்குள் சிப்பியின் உடைந்த துண்டு இருந்தது. கீறி எடுத்தார்கள். இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் பாதத்தை எடுக்க வேண்டியிருக்கும் என்று டாக்டரம்மா சொன்னார். இதைக் கூட்டியும் சொல்லவில்லை, குறைத்தும் சொல்லவில்லை.

வார்டில் படுத்துக்கொண்டு நான் கேட்ட இரண்டு வேண்டுதலையும் யோசித்துப் பார்த்தேன். இரண்டும் ஒரே நேரத்தில் நடந்திருக்க முடியாது. அந்த ஆட்கள் கையில் சிக்காமல் போயிருந்தால் கால் போயிருக்கும். ஆண்டவர் ஒன்றைக் கேட்டார், இன்னொன்றைக் கேட்காமல் விட்டார். கேட்காமல் விட்டதற்கும் சேர்த்துத்தான் இங்கே நன்றி சொல்கிறேன்.

தேசம்மா அக்கா நெத்திலிக் குழம்பும் சோறும் கொண்டு வந்தார். தங்கள் எல்லையம்மனிடம் என் காலுக்காக வேண்டிக்கொண்டதாகச் சொல்லி, என் நெற்றியில் குங்குமம் வைத்தார். நான் துடைக்கவில்லை. என் ஆண்டவர் எனக்கு உதவிக்கு அனுப்பியது இவரைத்தான். எந்தக் கோயிலுக்குப் போகிறவரை அனுப்ப வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. ஏன் என் பெயரைக் கேட்கவில்லை என்று அக்காவிடம் கேட்டேன்.

“பேர வெச்சிகினு இன்னா பண்றது? ரேஷனா வாங்கப் போறேன்?” என்றார்.

ஆஸ்பத்திரியிலிருந்து அனுப்பிய பிறகும் காயம் ஆறுகிற வரைக்கும் அவர்கள் வீட்டில்தான் இருந்தேன். உயிர்ப்பு ஞாயிறு போனது. உட்கார்ந்தபடி கருவாடு பிரித்துக் கொடுத்தேன். கால் ஆற ஆறப் பழைய அரிப்பு வந்தது, போக வேண்டும் என்று. கடைசிக் கட்டு பிரித்த அன்று வார்டு நர்சம்மா, ஸ்ட்ரெச்சர் தள்ள கான்ட்ராக்டில் ஆள் எடுக்கிறார்கள், வருகிறாயா என்று கேட்டார். பார்க்கிறேன் என்று சொல்லிவிட்டு ராயபுரம் கோயிலுக்குப் போய் நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். வெளியே வந்தபோது ரயில் சத்தம் கேட்டது. கால் அந்தப் பக்கம் போகப் பார்த்தது. பஸ் ஏறி முகத்துவாரக்குப்பத்துக்கே வந்தேன்.

அக்கா வாசலில் கூடையைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். ரொம்ப தேங்க்ஸ்கா என்று சொன்னேன்.

“தேங்க்ஸா?” என்றார். “அத நீயே வெச்சிக்க. போவும்போது சொல்லிட்டுப் போவ கத்துக்க. அன்னிக்கு கஞ்சிய வெச்சிகினு தெருத் தெருவா தேடினேன்.”

அதுவரைக்கும் நான் எந்த வீட்டிலும், எந்த ஊரிலும், போய்ட்டு வரேன் என்று சொன்னதில்லை. திரும்பி வருகிற எண்ணம் இருந்தால்தானே அந்த வார்த்தை வரும்.

சகோதர சகோதரிகளே, உங்களை யாரும் ஏமாற்ற மாட்டார்கள் என்று நான் சொல்லவில்லை. என்னை ஏமாற்றியிருக்கிறார்கள். என் சந்தேகமும் முழுதாகப் போய்விடவில்லை. இன்றைக்கும் யாராவது டீ வாங்கிக் கொடுத்தால் அவர் முகத்தை ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் குடிக்கிறேன். ஆனால் குடிக்கிறேன். நீங்கள் கேட்ட உதவி, நீங்கள் பயந்து ஓடுகிற ஆளின் கையில் இருக்கலாம். கையில் கல் இருந்தாலும் பரவாயில்லை, வண்டியில் ஏறுங்கள். ஆண்டவர் அந்தக் கல்லோடுதான் என்னைக் கொண்டுபோய்ச் சேர்த்தார்.

அக்கா அப்படிச் சொன்னதற்கு மறுநாள் காலையில், “போய்ட்டு வரேன்கா” என்று சொல்லிவிட்டுக் கிளம்பி, ஸ்ட்ரெச்சர் தள்ளுகிற அந்த வேலையில் சேர்ந்தேன். வலை நூலில் தைத்த செருப்பைத்தான் போட்டுக்கொண்டு போனேன்.

முதலில் எனக்குக் கொடுத்தது சடையங்குப்பத்திலிருந்து வந்த ஒரு பெரியவரை. இடுப்பில் அடி. கூட யாரும் இல்லை. மஞ்சள் பை ஒன்றை மார்போடு அணைத்துக்கொண்டு படுத்திருந்தார். நான் ஸ்ட்ரெச்சரில் கை வைத்ததும் பையை இன்னும் இறுக்கிக்கொண்டார்.

“எங்க இட்டுகினு போற?” என்றார்.

“எக்ஸ்ரே எடுக்க, நைனா.”

அவர் நம்பவில்லை. நடைபாதையில் வருகிற கதவுகளையும் திருப்பங்களையும் ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டே வந்தார். எனக்கு அந்தப் பார்வை தெரியும். தள்ளுவதை நிறுத்திவிட்டு அவர் கண்ணுக்குத் தெரிகிற மாதிரி முன்னால் வந்து நின்றேன்.

“இப்போ வலது பக்கம் திரும்பப் போறேன், நைனா” என்று சொன்னேன்.

அவர் கழுத்தைத் திருப்பி வலது பக்கம் பார்த்தார். பிறகு தலையை ஆட்டினார். நான் பின்னால் போய், வலது பக்கம் திருப்பினேன்.