காதுக்காரர்

கண்ணை மூடிக்கொண்டுதான் வண்டியைப் பார்ப்பார் மெக்கானிக். "முறுக்காத, சும்மா ஓடவிடு" என்பார். வாயோரத்தில் ஒரு ரப்பர் வாஷரை மென்றபடி இருப்பார். தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, ஈ ஓட்டுவதுபோலக் கையை அசைத்துப் பக்கத்துப் பஞ்சர் கடைக்காரரின் வாயை அடைப்பார். அப்புறம், "செயின் தளர்ந்திருக்கு. உள்ள இன்னொண்ணும் பொய் சொல்லுது, இரு" என்று ஸ்பேனரைத் தேடுவார்.

"இந்தக் காத எங்கய்யா வாங்கின?" என்பார் பஞ்சர் கடைக்காரர்.

"எங்கப்பன் திருகித் திருகிப் பதம் பண்ணது."

கடையே சிரிக்கும். மெக்கானிக்கும் சேர்ந்து சிரிப்பார்.

பேச்சுக்குச் சொல்வதில்லை அது. சின்ன வயதில், அப்பாவின் ஸ்கூட்டர் தெருமுனையில் திரும்பும்போதே இவருக்குத் தெரிந்துவிடும். உறுமிக்கொண்டு வந்தால் பெல்ட்டு கழலும். ஸ்டாண்டு படாரென்று விழுந்தால் கட்டிலுக்கு அடியில் போய்விட வேண்டியதுதான். மெல்ல விழுந்தால் பையன் பிழைத்தான்.

நல்ல நாளும் இருந்தது. லீவு நாள் காலையில் ஸ்கூட்டர் கழுவும்போது தண்ணீர்க் குழாயைப் பிடிக்க இவரைத்தான் கூப்பிடுவார் அப்பா. பாட்டு வேறு பாடுவார். சோப்பு நுரையை எடுத்து மகன் மூக்கில் அப்பி, "முதலாளிக்குச் சளி புடிச்சிருச்சுடோய்!" என்று தெருவுக்கே கேட்கக் கத்துவார். இதைச் சொல்லும்போது மெக்கானிக்கின் நரைத்த மீசைக்குள் ஒரு பொடியன் வந்து உட்கார்ந்துகொள்வான். "அந்த மனுசன் சிரிச்சா வீடே சிரிக்கும்யா" என்பார். சொல்லி முடிப்பதற்குள் யாராவது பின்னாலிருந்து தோளைத் தொட்டால் போதும், முழங்கை தானாக முகத்துக்கு முன்னால் எழும்.

பெண் பிறந்த அன்றே, பிள்ளைமேல் கை வைப்பதில்லை என்று மனைவியிடம் சொன்னவர். மகளுக்கு ஐந்து வயது முடியும்வரை அந்தச் சொல்லைக் காப்பாற்றினார். போன வாரம் அவள் பேரிங் குண்டுகளைக் கோலிபோல உருட்டி விளையாடித் தொலைத்துவிட்டாள். முதுகில் ஒரே அடி. கை எப்போது ஓங்கியது, எப்போது இறங்கியது என்று அவருக்கே பிடிபடவில்லை.

"அது என் கையே இல்ல. எங்கப்பன் கை" என்றார் மனைவியிடம்.

அவள் விடவில்லை. "உங்கப்பா போய்ச் சேந்து எவ்வளவோ வருசமாச்சு. கைய மட்டும் இங்க விட்டுட்டுப் போனாராக்கும்?"

அதற்குப் பிறகு மகள் அவரிடம் எதையும் கேட்பதில்லை. கூப்பிட்டால் வருவாள், வந்து கைகட்டி நிற்பாள்.

நேற்று மாலை வாசலில் பைக்கை நிறுத்தினார். கதவிடுக்கில் ஒற்றைக் கண் மட்டும் தெரிந்தது.

"அப்பா, இன்னைக்கு ஸ்டாண்டு மெதுவாத்தான விழுந்துச்சு? கோவம் இல்லல்ல?"

அவர் ஹெல்மெட்டைக் கழற்றி ஓரமாக வைத்தார். படியை விட்டுக் கீழே, மகளின் உயரத்துக்கும் கீழாக, வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தார். கிரீஸ் படிந்த வலது கையைச் சட்டையிலேயே அழுத்தித் துடைத்து, உள்ளங்கை மேலே தெரியும்படி தரையில் மல்லாத்தி வைத்தார். கதவு இன்னும் கொஞ்சம் திறக்கும்வரை அந்தக் கையை அசைக்கவே இல்லை.