செம்பு அண்டாவில் கடல்

என் வீட்டுக்காரர் கூடத்துத் தரையில் சாக்பீஸால் ஒரு பெட்டி வரைந்தார். சிவப்புச் சிமெண்டுத் தரையில், தெற்குச் சுவரை ஒட்டி, ஒரு ஆள் கால் நீட்டிப் படுக்கிற நீளத்துக்கு. வரைந்து முடித்து எழுந்து நின்று, "இம்புட்டு வரும்" என்றார். பல மாதங்களுக்குப் பிறகு அவராக என்னிடம் வாய் திறந்து சொன்னது அதுதான். அதனால் என்ன வரும், எதற்கு வரும் என்று நான் கேட்கவில்லை. கேட்டால் மறுபடி மூடிக்கொள்வாரோ என்று பயம். அன்றிலிருந்து வீடு பெருக்கும்போது அந்தக் கோட்டை விட்டுவிட்டுப் பெருக்கினேன்.

அவர் வாய் மூடிப்போன கதையைச் சொல்ல வேண்டும். தியாகராய நகரில் அவரும் அவருடைய அண்ணனும் சேர்ந்து பாத்திரக்கடை வைத்திருந்தார்கள். திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து சின்ன வயதில் வந்து, அண்ணன் கல்லாவிலும் இவர் சரக்கிலுமாக உட்கார்ந்து வளர்த்த கடை. எவர்சில்வர் வந்த பிறகு அண்ணனுக்குப் புதுச்சரக்கின் மேல் ஆசை. இவருக்குச் செம்பும் பித்தளையும்தான் பாத்திரம். வாய்ச்சண்டை பெரிதாகி, ஊரிலிருந்து பெரியவர்கள் ரயிலேறி வந்து, எங்கள் கூடத்திலேயே ஜமுக்காளம் விரித்துப் பாகம் பிரித்தார்கள். அண்ணனுக்குக் கடை. இவருக்கு நாங்கள் இருந்த வீடும், விற்காமல் கிடந்த செம்பு, பித்தளைச் சரக்கும். எல்லாரும் சாப்பிட்டுவிட்டுப் போனார்கள். வண்டி வண்டியாக அண்டாவும் குண்டாவும் வந்து பின்கட்டு அறை நிறைந்தது. அன்று சாயங்காலம் இவர் நாற்காலியைத் தெற்குச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார். மறுநாளும் அப்படியே.

திட்டியிருந்தால் பரவாயில்லை. அழுதிருந்தாலும் சரி. சாப்பிடக் கூப்பிட்டால் வருவார், இரண்டு வாய் சாப்பிடுவார், மறுபடி சுவர். எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. நான் அதிகம் பேசத் தெரிந்தவளும் இல்லை. கல்யாணமான நாளிலிருந்து அவர் எதிரே உட்கார்ந்து நான் நாலு வார்த்தை பேசியதில்லை; கதவுக்குப் பின்னால் நின்றுதான் எல்லாம். அவர் பேசுகிறவராக இருந்தவரை அது ஒரு குறையாகத் தெரியவில்லை. அவரும் நின்றுபோனதும் வீட்டில் சத்தம் என்று இருந்தது குழாய்த் தண்ணீர் மட்டுந்தான். ஆளை நான் கண்ணெதிரே கைவிட்டுக்கொண்டிருக்கிறேன், இப்படியே ஒருநாள் சுவரோடு சுவராகிவிடுவார் என்று அடுப்படியில் நின்று நினைப்பேன்.

மாடியில் ஒரு டீச்சர் தன் அம்மாவோடு வாடகைக்கு இருந்தாள். சாந்தோம் பக்கத்து வேதக்காரப் பெண். பள்ளிக்கூடத்தில் சயின்ஸ் சொல்லிக்கொடுக்கிறவள். என்னை அக்கா என்பாள், அவரை அண்ணாச்சி என்பாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் பூசை முடிந்து வந்தவள், வழவழப்பான ஒரு இங்கிலீஷ் பத்திரிகையைக் கூடத்து மேசையில் மறந்து வைத்துவிட்டுப் போனாள். விரிந்து கிடந்த பக்கத்தில் ஒரு படம். எந்த நாட்டிலோ ஒரு வீட்டின் கூடத்தில், சுவர் அகலத்துக்குக் கண்ணாடித் தொட்டி. அதற்குள் நீலத் தண்ணீர், பாறை, பூ மாதிரி விரிந்த என்னென்னவோ, மஞ்சளும் நீலமுமாய் மீன்கள். அவள் அதைத் திரும்ப எடுக்க வந்தபோது, அந்தப் படத்தையே பார்த்துக்கொண்டிருந்த இவர் கேட்டார்:

"இது கடல் தண்ணியா டீச்சர்? வீட்டுக்குள்ளயா வச்சிருக்கான்?"

டீச்சர் என்னை ஒரு பார்வை பார்த்தாள். பிறகு நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டு அந்தப் பக்கம் முழுக்கத் தமிழில் சொன்னாள். நான் கதவுக்குப் பின்னால் நின்று முந்தானையைக் கடித்துக்கொண்டு கேட்டேன். மீனைப் பற்றி ஒன்றும் மனசில் ஏறவில்லை. அவர் குரலைத்தான் கேட்டுக்கொண்டிருந்தேன்.

அதற்கடுத்த வாரம்தான் சாக்பீஸ். டீச்சர் எங்கிருந்தோ ஒரு புத்தகம் வாங்கி வந்து, ராத்திரிச் சாப்பாட்டுக்கு முன்னால் தினமும் கொஞ்சம் படித்துச் சொல்வாள். இவர் கேள்வி கேட்பார். தொட்டி நிறைந்தால் தரை தாங்குமா என்று கொத்தனாரை அழைத்து வந்து காட்டினார். செங்கல் கட்டி மேலே கடப்பாக்கல் போட்டால் தாங்கும் என்றான் அவன். கிண்டியில் ஒரு பட்டறையில் இரும்புச் சட்டம் அடித்து, தடிமனான கண்ணாடி பொருத்தி, ஒழுகாதபடி இடுக்கில் பட்டி வைத்துப் பூசி, மாட்டு வண்டியில் வைக்கோல் பரப்பிக் கொண்டு வந்தார்கள். கடல் தண்ணீரில் இரும்பு பட்டால் துரு ஏறி மீனுக்கு ஆகாது என்று புத்தகம் சொன்னதாம். சட்டத்துக்கு உள்பக்கம் ஒரு ஊசி முனைகூடத் தெரியாமல் இவரே குனிந்து உட்கார்ந்து மூன்று பூச்சு பெயிண்ட் அடித்தார். மூர் மார்க்கெட்டில் காற்று ஊதுகிற சின்ன மோட்டார் கிடைத்தது. போட்டால் வண்டு மாதிரி ரீங்காரம் செய்யும். அவர் அதைத் தண்ணீரில்லாத தொட்டிக்குப் பக்கத்தில் வைத்துப் போட்டுப் போட்டுப் பார்ப்பார்.

"என்ன மீனு விடலாம், ஏளா?" என்று ஒருநாள் என்னைக் கேட்டார்.

எனக்குத் தெரிந்த மீன் எல்லாம் குழம்பில் போடுகிற மீன். "விளமீன் நல்லாருக்கும்" என்றேன். மாடிப்படியில் நின்ற டீச்சர் சிரித்து, "அக்கா, அது பாக்குறதுக்கு, புளி கரைச்சு ஊத்துறதுக்கு இல்ல" என்றாள். அவரும் சிரித்தார். பல்லெல்லாம் தெரியச் சிரித்தார். நான் உள்ளே போய்விட்டேன். அடுப்படியில் நின்று என்ன செய்வதென்று தெரியாமல் ஏற்கெனவே கழுவின தட்டைத் திரும்பக் கழுவினேன்.

தண்ணீருக்குக் கடற்கரையில் ஊரூர் குப்பம் என்கிற மீனவர் குப்பத்துக்குப் போனோம். என்னையும் வரச் சொன்னார். விடியற்காலை வண்டி நிறைய அண்டாக்கள். பின்கட்டு அறையில் கிடந்த செம்பு அண்டாக்களில் பெரியதாகப் பார்த்து எடுத்து, நான் புளி போட்டுத் தேய்த்து வைத்திருந்தேன். வீட்டில் பிளாஸ்டிக் வாளி இரண்டு இருந்தது, கக்கூசுக்கு வைத்திருந்தது. அதில் போய்க் கடலை மொள்வதா? செம்பில் வைத்த தண்ணீருக்கு ஒரு சுத்தம் உண்டு, கோயிலில் தீர்த்தம் எதில் கொடுக்கிறார்கள் என்றார் அவர். பாத்திரம் விற்ற வாய். அண்டாவின் விளிம்பைச் சுண்டிப் பார்த்து, சத்தத்தைக் கேட்டு, "தாமிரம்னா இது" என்று வண்டிக்காரனிடம் சொன்னார். பாகம் பிரிந்த பிறகு அந்தச் சரக்கை அவர் தொட்டது அன்றைக்குத்தான்.

அலைக்கு அப்பால் தெளிந்த தண்ணீர் வேண்டும் என்று ஒரு கட்டுமரக்காரரிடம் பேசி வைத்திருந்தார். அந்த ஆள் குடம் குடமாக மொண்டு வந்து ஊற்றிவிட்டு, தலையைத் துவட்டிக்கொண்டே, "கடலாண்டையே ஒரு வூடு கட்டிக்கினு குந்திக்கலாம் இல்ல, நைனா? ஒரு கடலை எடுத்தாந்து கூடத்துல வைக்கிறியே, வூட்டுல அம்மா ஒண்ணும் சொல்லலியா?" என்றார். இவர் என்னைக் காட்டி, "அவதான் அண்டா தேச்சா" என்றார். கரையில் நின்ற பெண்பிள்ளைகள் எல்லாம் சிரித்தார்கள். எனக்கு மணலுக்குள் புகுந்துகொள்ளலாம் போல இருந்தது. ஆனாலும் சந்தோஷம்.

எடுத்த தண்ணீரை உடனே ஊற்றக்கூடாது, இருட்டில் சில வாரம் மூடி வைத்துத் தெளிய விட வேண்டும் என்று புத்தகத்தில் இருந்தது. அப்படியே பின்கட்டு அறையில் வரிசையாக அண்டாக்களை மூடி வைத்தார். தினம் ஒருமுறை மூடியைத் திறந்து முகர்ந்து பார்ப்பார். ஒருநாள் என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். தண்ணீர் லேசாகப் பச்சை பாய்ந்திருந்தது. விளிம்பில் கோடு போட்டாற்போல் இன்னும் அழுத்தமான பச்சை.

"பாத்தியா, கடல் கலர் வந்துட்டு" என்றார்.

நானும் பார்த்தேன். அந்தப் படத்தில் இருந்த தண்ணீர் மாதிரியேதான் இருந்தது.

ஒரு வெள்ளிக்கிழமை காலை தொட்டியை நிரப்பினோம். அடியில் கடல்மணல், கிளிஞ்சல், இரண்டு பாறைக்கல். கண்ணாடியின் வெளிப்பக்கம் மூலையில் குங்குமப் பொட்டு வைத்தேன். கட்டுமரக்காரர் குடத்தில் கொண்டு வந்து கொடுத்த மீன்களை விட்டார். உடம்பில் கறுப்பு வரி போட்ட மஞ்சள் மீன்கள், விரல் நீளந்தான் இருக்கும். சங்குக்குள் குடியிருக்கிற நண்டுகளும் சில. மீன்கள் நாலு பக்கமும் ஓடின. டீச்சரின் அம்மா மாடியிலிருந்து கைத்தாங்கலாக இறங்கி வந்து பார்த்துச் சிலுவை போட்டுக்கொண்டாள். இவர் நாற்காலியை நேரே போட்டு உட்கார்ந்துகொண்டார். அதே நாற்காலி, அதே இடம். எதிரே சுவருக்குப் பதில் கடல்.

மதியத்துக்கு மேல் நண்டுகள் சங்கை விட்டு வெளியே வந்தன. வீட்டைக் கழற்றிப் போட்டுவிட்டு வெற்றுடம்பாக மணலில் கிடந்தன. விளையாடுகின்றன என்று நினைத்தோம். மீன்கள் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடின. அவர் மோட்டாரைக் கூட்டி வைத்தார். விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு மீன் பக்கவாட்டில் சாய்ந்தது. மறுநாள் பொழுது சாய்வதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது.

பிடித்து வந்ததில் அடிபட்டிருக்கும் என்று அவரே சமாதானம் சொல்லிக்கொண்டார். தொட்டியைக் காலி செய்து, மிச்சமிருந்த அண்டாத் தண்ணீரை ஊற்றி, மறுபடி மீன் வாங்கி வந்தார். இந்தத் தடவை இன்னும் சீக்கிரம் செத்தன. அவர் ஒவ்வொன்றாகக் கையால் எடுத்து வாழையிலையில் வைத்தார். நான் கொல்லையில் புதைத்தேன். அன்று ராத்திரி சோற்றைப் பிசைந்தபடியே உட்கார்ந்திருந்தார். பழையபடி ஆகிவிடக் கூடாது, வேறு எது போனாலும் போகட்டும் என்று எனக்கு இருந்தது.

டீச்சர் புத்தகத்தை முதலிலிருந்து திரும்பப் படித்தாள். சில நாள் கழித்துப் பள்ளிக்கூடத்திலிருந்து வந்த வேகத்தில் செருப்பைக்கூடக் கழற்றாமல் கூடத்துக்கு வந்தாள். முகமெல்லாம் மலர்ச்சி.

"கண்டுபிடிச்சுட்டேன், அண்ணாச்சி. செம்பு. நமக்குத்தான் செம்பு நல்லது, கடல்ல இருக்கிற உயிருக்கு அது விஷம். உப்புத் தண்ணி செம்பை அரிச்சு எடுத்துடுமாம். அந்தப் பச்சை அதுதான். நான்தான் அந்தப் பக்கத்தைத் தள்ளிட்டுப் போயிட்டேன். மண்பானையில எடுத்தா போதும், ஒரு மீன் சாகாது."

எனக்கு உயிர் வந்தது. ஐயோ, இவ்வளவுதானா, பானையை மாற்றினால் தீர்ந்துபோகிற விஷயமா என்று மனசுக்குள் கும்பிட்டுக்கொண்டு அவரைப் பார்த்தேன். அவர் டீச்சரைப் பார்க்கவில்லை. பின்கட்டு அறைக் கதவைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"எம் பங்கு" என்றார். "எனக்குன்னு குடுத்தாவ பாத்தியா, அதுதான் கொன்னுருக்கு."

டீச்சர் ஏதேதோ சொன்னாள். நடக்கிறதுதான், படித்தவர்களுக்கே தெரியாது, தப்பு என் மேல் என்றாள். அவர் எழுந்து நாற்காலியைத் தூக்கினார். தெற்குச் சுவரில் இப்போது தொட்டி இருந்தது. அதனால் வடக்குச் சுவரைப் பார்த்துப் போட்டு உட்கார்ந்தார்.

நல்ல சேதி ஒன்று ஆளை இப்படிச் சாய்க்கும் என்று நான் நினைக்கவே இல்லை. பிறகு நாள் கணக்காக யோசித்துத்தான் புரிந்தது. அந்த மீன் செத்ததற்கு வேறு எந்தக் காரணம் வந்திருந்தாலும் அவர் தாங்கியிருப்பார்.

அவருக்குப் பதிலாக நான் போனேன். கடைத்தெருவுக்கே தனியாகப் போகாதவள், புதுப்பானைகளும் கழுத்தில் கட்ட வெள்ளைத்துணியுமாக, அதே வண்டிக்காரனோடு குப்பத்துக்குப் போய் நின்றேன். கட்டுமரக்காரர் கடலில் இருந்தார். அவர் சம்சாரம் மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு என்ன வேண்டும் என்று கேட்டாள். பானையைக் காட்டினேன்.

"வாய்ல இன்னா கொழுக்கட்டையா வச்சிக்கினு கீற? கேளும்மா, கேட்டாத்தான குடுப்பாங்கோ" என்றாள். "நைனா எங்க? வர்லியா?"

"வரல" என்றேன். அந்த ஒரு வார்த்தைக்கே அவளுக்கு என்னவோ தெரிந்துவிட்டது. அதற்கு மேல் கேலி செய்யவில்லை.

பானைகளை இருட்டில் வைத்துத் தெளிய விட்டேன். தொட்டியைப் பலமுறை கழுவினேன். மணலையும் கல்லையும் மாற்றினேன். டீச்சர் கூட நின்றாள். குப்பத்திலிருந்து வாங்கி வந்த இரண்டே இரண்டு மஞ்சள் மீன்களை விட்டு மோட்டாரைப் போட்டோம். மறுநாள் காலை அவை நீந்திக்கொண்டிருந்தன. அதற்கு மறுநாளும். ஒரு வாரம் போயிற்று, தீனியைப் போட்டால் மேலே ஓடி வந்தன. டீச்சர் சொன்னது சரிதான். ஒரு மீன் சாகவில்லை.

அவர் திரும்பிப் பார்க்கவில்லை. முதுகு மட்டும் தெரியும். நான் தொட்டிக்குப் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, அரிசி புடைத்துக்கொண்டே அந்த முதுகிடம் சொல்வேன். "இந்தாங்க, பெரிசு கல்லுக்குள்ள போய்ட்டு." "சின்னது அதைத் தொரத்துது." "இன்னைக்கு நல்லாத் தின்னுச்சு." என் ஆயுசில் நான் அவ்வளவு பேசியதில்லை. பேசப்பேச எனக்கே என் குரல் யாருடையதோ மாதிரி இருந்தது. ஒருமுறையாவது கழுத்தைத் திருப்பினால் போதும் என்று இருந்தது. மீன் இருப்பதைப் பார்த்துவிட்டால் மனசு மாறிவிடாதா?

ஒருநாள் மத்தியானம் அவர் வாயைத் திறந்தார். எனக்குப் புடைத்துக்கொண்டிருந்த கை நின்றுவிட்டது.

"அந்த மோட்டார நிறுத்து. மண்டைக்குள்ள கேக்கு."

அவர் பேசிவிட்டார் என்ற சந்தோஷம் முதலில் வந்தது. அதை மறைக்க எனக்கு இஷ்டமில்லை. சொன்னது என்னவென்று அதற்கப்புறம்தான் உறைத்தது. மோட்டாரை நிறுத்தினால் தொட்டிக்குக் காற்று இல்லை. கொஞ்ச நேரம் நின்றேன். அவர் காத்துக்கொண்டிருந்தார். பிறகு பானையில் தொட்டித் தண்ணீரை மொண்டு, இரண்டு மீன்களையும் அதில் விட்டுவிட்டு, சுவிட்சை அணைத்தேன்.

சாயங்காலத்துக்குள் வண்டிக்காரனைக் கூட்டிக்கொண்டு குப்பத்துக்குப் போய், முழங்கால் தண்ணீரில் நின்று பானையைச் சாய்த்தேன். அலை வந்து போனது. மீன்கள் எந்தப் பக்கம் போயின என்று தெரியவில்லை. புடவை ஈரத்தோடு வீட்டுக்கு வந்தபோது அவர் அதே இடத்தில் இருந்தார். எங்கே போனாய் என்று கேட்கவில்லை.

அதற்கப்புறமும் அவர் பல வருஷம் இருந்தார். தண்ணி, சோறு, கதவு, இப்படி ஒற்றை ஒற்றை வார்த்தை. தொட்டியைக் காலி செய்தேனே தவிர விற்க மனம் வரவில்லை. கண்ணாடியில் தண்ணீர் நின்ற மட்டத்துக்கு உப்பு ஒரு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. கண்ணாடியைத் துடைக்கும்போது அந்தக் கோட்டை மட்டும் விட்டுவிட்டுத் துடைத்தேன். அவர் போன பிறகும் கொஞ்ச நாள் அப்படித்தான் துடைத்துக்கொண்டிருந்தேன்.