வலிக்கு ஓர் எண்

ரமணிக்குக் கோபம் படிவத்திலேயே ஆரம்பித்துவிட்டது. ஜார்ஜ்டவுனில் ஒரு கடைவீட்டு மாடியில் இருக்கும் முதுகெலும்பைக் கையாலேயே சரிசெய்யும் கைரோபிராக்டிக் கிளினிக் அது. இடுப்பு வலியோடு படியேறி வந்தவளிடம் நான்கு பக்கத் தாளை நீட்டினால் எரிச்சல் வராதா? என்ன வேலை, எத்தனை மணி நேரம் நிற்கிறீர்கள், எப்படித் தூங்குகிறீர்கள். கடைசியில், வலிக்குப் பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஓர் எண். இரண்டைச் சுற்றி வட்டம் போட்டாள்.

அது பச்சைப் பொய். ஆனால் பொய் என்று அவளுக்கே தோன்றவில்லை. மாக் மண்டின் என்ற தொழிற்பேட்டையில் ஒரு தொழிற்சாலையில் பிளாஸ்டிக் மூடிகளைப் பெட்டியில் அடுக்கி, பெட்டிகளைத் தூக்கி வைத்து, இருபத்திரண்டு வருடம் நின்றே பிழைத்தவள். ஆயர் ஈத்தாமிலிருந்து விடியுமுன் கம்பெனி பஸ் ஏறிக் கடல் பாலம் தாண்டி அக்கரைக்குப் போவாள். அங்கே வலி என்று வாயைத் திறந்த பெண்களைச் சூப்பர்வைசர் மோகனராஜ் ஓரங்கட்டிவிடுவான். அடுத்த ஒப்பந்தத்தில் அவர்கள் பெயர் இருக்காது. அதனால் யார் கேட்டாலும் "ஓகேலா" என்று சொல்லியே பழகிவிட்டாள். அன்று காலைகூட, கிளினிக்குக்குள் நொண்டிக்கொண்டு போனால் அசிங்கம் என்று இரண்டு வலி மாத்திரையை விழுங்கிவிட்டுத்தான் கிளம்பினாள். வைத்தியம் பார்க்கிறவனிடமே வலியை மறைக்க மாத்திரை போட்ட புத்தியை என்னவென்று சொல்வது?

வைத்தியம் பார்க்கும் குகனுக்கு முப்பது வயது இருக்கும். போனில் அவள் பார்த்த வீடியோக்களில் ஆளைப் படுக்க வைத்து முதுகை ஒரு திருகு திருகுவார்கள். மடமடவென்று சத்தம் வரும். எழுந்து சிரித்துக்கொண்டே போவார்கள். இவனோ கேள்வியாகக் கேட்டான். குனியச் சொன்னான், நிமிரச் சொன்னான், ரப்பர் சுத்தியலால் முட்டியைத் தட்டினான். அரை மணி நேரம் போயிற்று. மோகனராஜிடம் கெஞ்சி அரை நாள் லீவு வாங்கி வந்தது இதற்கா? இரண்டு மணிக்கு அவள் லைனில் நிற்க வேண்டும். அதற்குள் இடுப்பைச் சரிசெய்து அனுப்பினால் போதும், வேறொன்றும் வேண்டாம்.

"குதிகால்ல மட்டும் நின்னு நடங்கக்கா" என்றான் குகன்.

இடது கால் சொன்னபடி கேட்டது. வலது பாதம் மேலே எழும்பாமல் தரையில் பட்டென்று விழுந்தது. மறுபடி முயன்றாள். மறுபடியும் விழுந்தது.

குகன் படிவத்தில் அவள் போட்ட வட்டத்தைப் பார்த்தான். நரம்பு நசுங்கியிருக்கலாம், இந்த நிலையில் முதுகில் கை வைக்கமாட்டேன், கடிதம் தருகிறேன், இப்போதே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போய் ஸ்கேன் எடுங்கள் என்றான்.

ரமணிக்குக் கோபம் தலைக்கேறியது. தொழில் தெரியாதவனெல்லாம் போர்டு மாட்டிக்கொண்டு ஊரை ஏமாற்றுகிறான் என்று கத்தினாள். வெளியே காத்திருந்தவர்கள் எட்டிப் பார்த்தார்கள். குகன் பதிலுக்குக் குரலை உயர்த்தவில்லை. பாதம் இப்படி ஆகி எத்தனை நாள் என்று மட்டும் கேட்டான். ஆறு மாதம் என்று வெடித்தாள். அவ்வளவு கோபம் வந்த பிறகுதான் வாயிலிருந்து உண்மை வந்தது.

"அப்பவே வந்திருந்தா வாய்ப்பு நெறைய இருந்துச்சுக்கா. இனி இந்தப் பாதம் பழையபடி வருமான்னு என்னால சொல்ல முடியல. ஏன் யார்கிட்டயும் சொல்லல?"

அந்தக் கேள்வியில் அவள் கோபம் குகனை விட்டு விலகியது. மோகனராஜ்மேல் பாய்ந்தது. அதைவிட அதிகமாகத் தன்மேலேயே பாய்ந்தது. கட்டிலின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"போன மாசம் கம்பெனி டின்னர்ல, வருஷம் பூரா ஒரு நாள்கூட எம்சி குடுத்து மெடிக்கல் லீவு எடுக்காத ஆளுன்னு மேடைக்குக் கூப்பிட்டாங்க தம்பி. எல்லாரும் கை தட்டினாங்க. இந்தக் கால இழுத்துக்கிட்டுத்தான் படியேறிப் போய்ப் பரிசு ஹேம்பர் கூடைய வாங்கினேன்."