அக்காவுக்காக எட்டுக் கிலோ

லிஃப்ட் பழுது பார்க்கிறவனுக்கு லிஃப்டில் ஏறப் பயம் என்றால் சிரிப்பீர்கள். பன்னுவுக்கு அந்த ஒரு பயம்தான் கிடையாது, மற்ற எல்லாம் உண்டு. போன் அடித்தால் யாருக்கு என்னவோ என்று பயம். அடிக்காவிட்டால் ஏன் அடிக்கவில்லை என்று பயம். நெஞ்சு படபடவென்று அடித்துக்கொள்ளும்போது அவனுக்குத் தெரிந்த வைத்தியம் இரண்டுதான். ஒரு சிகரெட், ஒரு பன். பன் முடிந்ததும் மறுபடி சிகரெட். கட்டடத்தின் உச்சியில், மோட்டார் அறையில் அவனுக்கு வேலை. அங்கே யார் ஏறி வந்து பார்க்கப்போகிறார்கள்? சட்டைப்பையில் எந்நேரமும் துருத்திக்கொண்டிருந்த பொட்டலத்தைப் பார்த்துக் கூட வேலை செய்தவர்கள் வைத்த பெயர்தான் பன்னு.

அக்கா அவனைவிட இரண்டே வயது மூத்தவள். பள்ளிக்கூடத்தில் கணக்கு டீச்சர். போன வருடம் அவளை இரண்டு சிறுநீரகங்களும் கைவிட்டன. வாரம் மூன்று நாள் ஆஸ்பத்திரிக்குப் போய் நான்கு மணி நேரம் டயாலிசிஸ். தம்பியின் சிறுநீரகம் பொருந்துகிறது என்று தெரிந்த அன்று இருவரும் ஆஸ்பத்திரி வராந்தாவில் கட்டிப்பிடித்து அழுதார்கள். அந்தக் கண்ணீர் காய்வதற்குள் டாக்டர் அவனை உள்ளே கூப்பிட்டார்.

"எட்டுக் கிலோ குறைக்கணும். சிகரெட் சுத்தமா நிக்கணும். இல்லன்னா ஆபரேஷன் உங்களுக்கே ஆபத்து, நான் கத்தியைத் தொட மாட்டேன். மூணு மாசம் டைம்."

பதற்றத்துக்கென்று ஒரு மனநல டாக்டரிடமும் அனுப்பினார். அவர் மாத்திரை கொடுத்தார், பயம் வந்தால் மூச்சை எண்ணச் சொன்னார். பன்னுவும் எண்ணினான். எண்ணி முடித்ததும் பசித்தது.

பாவம், அவன் ஒன்றும் சும்மா இருக்கவில்லை. இரண்டாவது வாரமே சிகரெட்டைத் தூக்கி எறிந்தான், திரும்பத் தொடவும் இல்லை. ஆனால் கை சும்மா இருந்தால்தானே? சிகரெட் போன இடத்தில் பிஸ்கட் வந்து உட்கார்ந்தது. அக்கா வாடிப்போவதைப் பார்த்தால் பயம், பயம் வந்தால் தீனி, தின்றால் எடை, எடையைப் பார்த்தால் மறுபடி பயம். அக்காவைக் காப்பாற்ற வாயைக் கட்டத் துப்பில்லையே என்று தன்னையே திட்டிக்கொண்டான். திட்டிக்கொண்டே தின்றான். அவள் கேட்டபோதெல்லாம், "எல்லாம் கரெக்டா போயிட்டிருக்குக்கா" என்று கூசாமல் புளுகினான்.

மூன்று மாதம் கழித்து எடை பார்த்தால் இரண்டு கிலோ கூடியிருந்தது. "இன்னும் மூணு மாசம் பார்ப்போம்" என்றார் டாக்டர். அவர் நாலு வார்த்தை திட்டியிருந்தால்கூடத் தேவலை என்றிருந்தது அவனுக்கு.

டயாலிசிஸ் அறையில் அக்கா கையில் குழாயோடு படுத்திருந்தாள். அவன் பக்கத்தில் உட்கார்ந்து, தலை குனிந்தபடி எல்லாவற்றையும் ஒப்புக்கொண்டான். இனி அவள் முகத்தில் எப்படி முழிப்பது என்பதுதான் அவன் கவலை.

"கிட்ட வா" என்றாள் அக்கா, மெதுவாக. "இன்னைக்கு நர்ஸ் என்னைப் பிடிச்சுத் திட்டினாங்க. ஒரு நாளைக்கு நாலு டம்ளர் தண்ணிக்கு மேல எனக்குக் கூடாது, தெரியும்ல? உடம்பை விட்டு வெளியே போகாத மூணு கிலோ தண்ணியோட வந்து நிக்கிறேன். குளிக்கப் போறேன்னு சொல்லிட்டு குழாயில வாயை வச்சுக் குடிக்கிறேன்டா. தினமும்."

பன்னு நிமிர்ந்து பார்த்தான். அக்கா இப்படிச் செய்வாள் என்று வேறு யாராவது சொல்லியிருந்தால் சண்டைக்குப் போயிருப்பான்.

"குடிக்கிறப்ப என் மேல எனக்கே அருவருப்பா இருக்கும். உனக்கும் அப்படித்தானே?"

"ஆமாக்கா."

"அப்ப தனியா உக்காந்து திங்காதே. வாயில வைக்கிறதுக்கு முன்னால எனக்குப் போன் பண்ணு. நானும் பண்றேன். நான் உன்னைத் திட்ட மாட்டேன், நீ என்னைத் திட்டக் கூடாது."

அன்றிலிருந்து அந்த இரண்டு போன்களுக்கும் ஓய்வில்லை. "எதுடா இப்ப, பன்னா பிஸ்கட்டா?" என்பாள். "ரெண்டும்" என்பான். "எனக்குக் குழாய் கூப்பிடுது. எதையாவது பேசு" என்பாள். ஐந்தாவது மாடி அம்மாள் பூனையோடு லிஃப்டில் மாட்டிக்கொண்டதை அவன் சொல்வான். சொல்லி முடிப்பதற்குள் பத்து நிமிடம் ஓடிவிடும், ஆசையும் கொஞ்சம் பிடியை விடும். எல்லா நாளும் விடாது. அந்த நாட்களில் தின்றுவிட்டே போன் செய்வான். "சரி, அடுத்த வேளைக்குப் பார்ப்போம்" என்பாள் அவள், அவ்வளவுதான். மனநல டாக்டரிடம் சொன்னபோது, மாத்திரையையும் விடாதீர்கள், அக்காவையும் விடாதீர்கள் என்றார்.

அடுத்த மூன்று மாதத்தில் ஆறு கிலோதான் இறங்கியது. டாக்டர் மறுபடி நாள் கொடுத்தார். மிச்சம் நாலும் இறங்குவதற்குள் இன்னொரு மூன்று மாதம் போனது. கடைசியாக எடை பார்த்த அன்று, செருப்பைக்கூட மாட்டாமல் வராந்தாவுக்கு ஓடிவந்து வீட்டிலிருந்த அக்காவுக்குப் போன் செய்தான்.

"அக்கா, டாக்டர் தேதி குறிச்சிட்டாரு."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"அழு அக்கா, நல்லா அழு. அந்தத் தண்ணியாவது வெளியே போகட்டும்."

"போடா" என்றாள், அழுகையை நிறுத்தாமலே.