வெந்நீர் ஊற்றிய வாஷ்பேசின்

அன்று காலை அந்தக் குளியலறையில் நானும் அப்பாவும் அம்மாவும் இருந்தோம். பங்களாவின் சொந்தக்கார மேடம் இல்லை; சென்னைக்குப் போயிருந்தார். அவர் இருந்திருந்தால் அம்மா வாசற்படியைத் தாண்டியிருக்க மாட்டாள். வெந்நீரும் உள்ளே வந்திருக்காது.

அப்பா எஸ்டேட் ஃபேக்டரியிலிருந்து ரிட்டயர் ஆகிவிட்டார். எஸ்டேட் கொடுத்த லைன் வீட்டை மாதக் கடைசிக்குள் காலி செய்ய வேண்டும். நான் பாலிடெக்னிக் முடித்து, குன்னூரில் பிளம்பிங் சாமான் கடையில் வேலை பார்த்தேன். எங்கள் வீட்டில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். பழைய பங்களாக்களின் வாஷ்பேசின்களைக் கறை எடுத்து, ஓடாத குழாய்களை ஓட வைக்க நானாகவே பழகியிருந்தேன். அதைக் கேள்விப்பட்டுத்தான் மேடம் கடைக்கு வந்தார். காந்தலுக்கு மேலே பழைய பங்களா ஒன்றை வாங்கி விடுதியாக்கிக்கொண்டிருந்தார்.

"புதுசு எதுவும் மாட்டாதே. இருக்கிற பழசையே ஓட வை. பொங்கலுக்கு கெஸ்ட் வராங்க. நல்லா செஞ்சுட்டேன்னா, பின்னாடி அவுட்ஹவுஸ்ல குடும்பத்தோட இருந்து பங்களாவையும் பாத்துக்கோ" என்றார்.

இரண்டு அறை, தகரக் கூரை. அம்மா அதை ஜன்னல் வழியாகப் பார்த்த அன்றே அடுப்பு எந்தப் பக்கம் என்று முடிவு செய்துவிட்டாள்.

வாஷ்பேசின் கனமான பீங்கான். இரண்டு பேர் சேர்ந்தால்தான் அசைக்கலாம். இரண்டு பித்தளைக் குழாய்கள், ஒவ்வொன்றின் தலையிலும் ஆங்கில எழுத்துடன் ஒரு வெள்ளைப் பொத்தான். அம்மா புளி போட்டுத் தேய்த்ததில் பித்தளை பளபளத்தது. அப்பா பொத்தான்களை விரலால் தடவினார்.

"இதுல எது சுடுதண்ணிடா?"

"இடது பக்கம்ப்பா."

"எழுதியிருக்கா, நீயா சொல்றியா?"

"எழுதியிருக்குப்பா."

அவர் தலையை ஆட்டிக்கொண்டார். அந்தப் பெருமையை அவர் முகத்தில் பார்த்தது அன்றைக்கு அதுதான் கடைசி.

அடைத்துக் கிடந்த கழிவுக் குழாயைப் பிடித்திருந்த நட்டு மட்டும் அசையவில்லை. மண்ணெண்ணெய் ஊற்றி ஊற வைத்தாயிற்று. பைப் ரென்ச்சைப் போட்டு நானும் அப்பாவும் தொங்கிப் பார்த்தாயிற்று. வெளியே புல்லெல்லாம் உப்புக் கொட்டியதுபோல உறைபனி. பீங்கானைத் தொட்டால் கை மரத்தது.

எங்கள் லைனில் மார்கழிக் காலையில் பொதுக்குழாய் உறைந்து கிடக்கும். யாராவது ஒரு வீட்டிலிருந்து வெந்நீர்ப் போசி வரும். ஊற்றினால் குழாய் இரண்டு முறை இருமிவிட்டுத் தண்ணீர் விடும். பிறந்ததிலிருந்து பார்க்கிறோம். இறுகிப் போன எதற்கும் எங்களிடம் இருந்த வைத்தியம் அது ஒன்றுதான்.

நான் வாஷ்பேசினுக்கு அடியில் மல்லாந்து கிடந்தேன். "ஏனுங்க, கொஞ்சம் தள்ளுங்க" என்று அம்மா அப்பாவிடம் சொல்வது கேட்டது. கொதிக்கக் கொதிக்கத் தண்ணீர் விழும் ஓசை. பிறகு, சுள்ளி ஒடிவதுபோல ஒரு சத்தம்.

"சத்தம் வந்துச்சே, நட்டு உட்டுருச்சா சாமி?" என்றாள் அம்மா, ஆசையாக.

நட்டும் விட்டிருந்தது. ஓட்டையிலிருந்து விளிம்பு வரை பீங்கானும் விட்டிருந்தது.

யாரும் யாரையும் திட்டவில்லை. திட்டியிருந்தால் தேவலை. அம்மா முந்தானையால் அந்தக் கீறலைத் துடைத்துக்கொண்டே இருந்தாள், துடைத்தால் போய்விடும் என்பதுபோல.

வேறொன்று தேடக் கிளம்பினேன். காந்தலில் பழைய இரும்புக் கடைக்காரர் சாக்கைக் கவிழ்த்தார். பித்தளைக் குழாய்கள், சங்கிலிகள், அடைப்பான்கள் எல்லாம் உருண்டன. வாஷ்பேசின் இல்லை.

"வெள்ளக்காரன் போயே எத்தன காலமாச்சு, இப்ப வந்து அவன் மொகங் கழுவுன தொட்டியக் கேக்குறியே தம்பி! அதெல்லாம் லாரில வந்து அள்ளிட்டுப் போயிட்டாங்க."

குன்னூரிலும் அதே பதில். மேடத்திடமிருந்து ஃபோன் வந்தது, நான் எடுக்கவில்லை. இரண்டாம் நாள் சாயங்காலம், கடைக்கு வந்த ஒரு டிரைவர் சொன்னார், கட்டபெட்டில் ஒரு தோட்டத்தில் மாடு அப்படி ஒன்றில்தான் தண்ணீர் குடிக்கிறது என்று.

போய்ப் பார்த்தேன். அதே அளவு, அதே மூன்று ஓட்டை. ஓட்டைகளைச் சிமென்ட் வைத்து அடைத்திருந்தார்கள். உள்ளே பாசி.

"மாட்டைக் கேட்டுட்டு எடுத்துக்கோ" என்று சிரித்தார் தோட்டக்காரர். பிறகு, "யாருக்கு?" என்றார்.

பொய் சொல்ல வரவில்லை. "பங்களாவுக்குங்க."

"பங்களாவுக்குன்னா பங்களா வெல. மாட்டுக்கு ஒரு சிமென்ட் தொட்டியும் வாங்கி வெச்சுரணும்."

கெஞ்சினேன். அவர் அசையவில்லை; மாடு மட்டும் தலையைத் தூக்கிப் பார்த்தது.

எங்களிடம் இருந்த பணமெல்லாம், இந்த அவுட்ஹவுஸ் கிடைக்காவிட்டால் காந்தலில் வாடகை வீட்டுக்கு அட்வான்ஸ் கொடுக்க வைத்திருந்ததுதான்.

"அதுவும் போச்சுன்னா ரெண்டு ஊடும் இல்லடா" என்றார் அப்பா. சொல்லிவிட்டு அவரே பணத்தை எடுத்து என் சட்டைப் பையில் திணித்தார்.

மேடம் வந்த அன்று இரண்டு குழாய்களும் ஓடின. அடியில் ஒரு சொட்டு ஒழுக்கில்லை. அவர் விளிம்பைத் தடவினார். ஓரத்தில் மாட்டுச் சங்கிலி உரசிய தடம் இருந்தது.

"இது என்னோடது இல்லையே?"

முந்தின நாளே அம்மா சொல்லியிருந்தாள். "கேட்டா சொல்லிரு சாமி. குடி வந்தப்பறம் தெரிஞ்சுதுன்னா சட்டி பானையத் தூக்கிட்டு எங்க போறது?" சொன்னேன், வெந்நீர் முதல் மாடு வரை. உடைந்ததையும் கொண்டுவந்து காட்டினேன்.

மேடம் வெகுநேரம் குழாயைத் திறந்து திறந்து மூடினார்.

"நீ இருந்துக்கோ. அவுட்ஹவுஸ் சாவியை வாங்கிக்கோ. ஆனா உங்கம்மா மட்டும் பங்களாவுக்குள்ள வர வேண்டாம்."

சரிங்க மேடம் என்றேன்.

அம்மா இதுவரை ஏன் என்று கேட்கவில்லை. பங்களாப் பக்கம் போக வேண்டியிருந்தால், குளியலறை ஜன்னலுக்கு வெளியே நின்று, "தண்ணி நல்லா வருதா சாமி?" என்று மட்டும் கேட்பாள்.

மாட்டுக்குச் சிமென்ட் தொட்டி, பிக்கப் வண்டி வாடகை எல்லாம் சேர்த்து எங்களுக்கு ஆன செலவு பதினாறாயிரத்து நானூறு ரூபாய்.